உள்ளூர் முகவரிக்கு ரூம் இல்லை

வெள்ளி லீவு, சனி, ஞாயிறு, திங்களும் லீவு.
எப்போதாவது விழும் இந்த நாலு நாளுக்கு
சென்னைதான் முதலில் போட்டிருந்தோம்.
வெயிட்டிங் லிஸ்ட் நூற்று நாற்பத்து மூன்று.
திருவனந்தபுரம் என்றால் ஜெஸ்லினின் நாத்தனார் வீடு.
தலையைக் காட்டாமல் திரும்ப முடியாது,
காட்டினால் சோறு, சோறு தின்றால் ராத்திரி.
மதுரைப் படிக்கட்டுகளுக்கு
நபீசாவின் முட்டு ஒத்துக்கொள்ளாது.

கூட்டுறவு வங்கியின் பணம் கட்டும் சீட்டு,
அதன் பின்பக்கம் நான்கு கட்டம்.
நான்கும் வெள்ளையாய்க் கிடக்க
மரச்சீனிக் கிழங்கை ஊதி ஊதி
பிரேமிளாதான் சொன்னாள்:
"நாகர்கோவிலையே பாப்போம் மக்கா."

சிரித்தோம்.
பாதியில் சிரிப்பு எதிலோ மாட்டிக்கொண்டது.

நாற்பத்தொரு வருஷமாய் இந்த ஊரில் நடக்கிறேன்.
கோட்டாருக்கு அரிசி வாங்க,
சவேரியார் கோவிலுக்கு யாராவது கல்யாணத்துக்கு,
கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு,
செட்டிகுளத்துக்குப் பல் பிடுங்க.
வேலை இல்லாமல்
ஒரு தெருவிலும் நான் நின்றதில்லை.

"மணிமேடைக்கு எத்தனை முகம்?"
நபீசா கேட்டாள்.
"மூணு."
"போ, நாலு."
"கண்டவ யாரு?"
தினமும் அதன் கீழே பஸ் மாறுகிறவர்கள் நாங்கள்,
பிரேமிளாவும், போன வருஷம் வரை.

அப்படித்தான் முதல் வரி விழுந்தது.
சனி, காலை பத்து: மணிமேடை. முகங்களை எண்ணுவது.

பிறகு பேனா நிற்கவில்லை.
வெள்ளி விடியும் முன் தோவாளைச் சந்தை,
பூ வாங்கக் கூடாது.
நாகராஜா கோவிலின் ஓலைக்கூரையை
நிதானமாய்ப் பார்ப்பது,
பிள்ளைகளுக்காக ஒன்றும் கேட்கக் கூடாது.
பத்மநாபபுரம் அரண்மனை திங்களுக்கு என்று எழுதி
திங்கள் பூட்டு என்று தெரிந்து
ஞாயிற்றுக்கு நகர்த்தி,
ஞாயிறு ஆராதனை முடிய ஜெஸ்லினுக்கு நேரமாகும் என்று
பதினொன்றரைக்கு இன்னும் கொஞ்சம் நகர்த்தி,
அதற்குள் சீட்டு கிழிந்து
இன்னொரு சீட்டு.
சாயங்காலம் சொத்தவிளைக் கடற்கரை.
ஓரத்தில் ஜெஸ்லின் பொடியாய் எழுதிவைத்த
"நெத்திலி கிடைத்தால்" என்பதை
மூன்று கைகள் சேர்ந்து அடித்தன.

தெரிந்தவர் எதிரே வந்து "எங்க போறிய?" என்றால்
"சும்மா" என்று மட்டும் சொல்ல வேண்டும்.
சொல்லிப் பழகினோம்.
ஜெஸ்லினுக்கு வாய் வரவில்லை.
"சும்மா... ஒரு துட்டி வீட்டுக்கு" என்று முடித்தாள்.
மூன்று தடவையும்.

ராத்திரி வீட்டுக்குப் போனால்
தோசைக்கல் காத்திருக்கும்.
வடசேரியில் ஒரு லாட்ஜ் பார்த்தோம்.
கவுண்டரில் இருந்தவர் என் ஆதாரைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஹெலன் சுகந்தி, வெட்டூர்ணிமடம்.
"ரெண்டு கிலோமீட்டர்தானம்மா,
வீட்டுல ஏதும் பிரச்சினையா?"
இல்லை.
"அப்ப எதுக்கு ரூம்?"
உள்ளூர் முகவரிக்குக் கொடுப்பதில்லையாம்.

பிரேமிளா பையைத் திறந்தாள்.
தென்காசிக்கு மாற்றலாகிப் போனபின்
முகவரி மாற்றி வந்த அட்டை.
அது கைக்கு வந்த அன்று எனக்குப் போன் செய்து
அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்,
லைனை வெட்டாமலும்.
"தென்காசி" என்று அவர் சத்தமாய் வாசித்தார்.
நோட்டைத் திருப்பி வைத்தார்.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
இந்த ஊரில் பிறந்தவள் எழுதினாள்:
ஊர் பார்க்க.

அட்வான்ஸ் ஐநூறு. வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை.

இன்றைக்குப் புதன்.
ஆபீஸ் விட்டு வரும் பஸ் மணிமேடையைச் சுற்றும்போது
சனிக்கிழமைக்கு முன்னால் பார்த்துவிடக் கூடாதே என்று
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.
"தலை சுத்துதாக்கா?" என்றார் கண்டக்டர்.
சும்மா, என்றேன்.
கண்ணைத் திறந்தபோது
இறங்கவேண்டிய இடம் பின்னால் போயிருந்தது.